கீழ் வீட்டுச் சோறு

பருப்பு மில்களின் ஊரிலே, ரயில் பாலத்துக்கு அந்தாண்டை, அறுபது வீட்டுக் காலனி என்று ஒன்று இருக்கிறது. அந்தக் காலனியில் ஐப்பசி மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமையிலிருந்து, ஒரு வீட்டில் சாப்பிடுகிற சோறு அதற்கு நேர் மேல் வீட்டுக்காரர்களின் வயிற்றை நிரப்ப ஆரம்பித்தது. சாப்பிட்டவருக்கு நாக்கில் ருசி மட்டும். வயிறு நிறைவது, தெம்பு ஏறுவது, ரத்தம் ஊறுவது எல்லாம் மேல் வீட்டுக்கு. தரைவீடு சாப்பிட்டால் முதல் மாடிக்கு, முதல் மாடி சாப்பிட்டால் இரண்டாம் மாடிக்கு, இரண்டாம் மாடி சாப்பிட்டால் மூன்றாம் மாடிக்கு. மூன்றாம் மாடிக்கு மேலே தண்ணீர்த் தொட்டியையும் காக்காயையும் தவிர யாருமில்லை என்பதால், அவர்கள் சாப்பிடுவது சுற்றிக்கொண்டு வந்து தரைவீட்டில் இறங்கியது. ஏன் இப்படி ஆச்சு என்று என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்கு மழை பெய்தது, அதனாலேதான் என்றார்கள் சிலபேர். மழை எல்லா ஊருக்கும்தானே பெய்தது என்றார்கள் சிலபேர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடியாத பேச்சு வேறொன்று இருந்தது: கீழ் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல்? முதல் வாரம் முழுக்கச் சண்டைதான். மூன்று தட்டு தின்றும் பசி அடங்காதவன் பெண்டாட்டியை வைதான். காய்ச்சலில் ஒருவாய்கூட வைக்காதவர் புளிச்ச ஏப்பமாக விட்டுக்கொண்டிருந்தார். சுகாதாரத் துறை வேன் வந்தது. கறிவிருந்து சாப்பிட்டு எழுந்த ஒரு அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தால் வயிறு கழுவி வைத்த பானை. அவளுக்கு மேல் வீட்டில் காலையிலிருந்து டீ மட்டும் குடித்திருந்த ஆளுக்கு எடுத்தால் உள்ளே பிரியாணி. டாக்டர் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, 'கீழ் வீட்டோடு ஒத்துப்போகவும்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ரேஷன் கடையில் முறையிட்டதற்கு, "கார்டு யார் பேர்ல இருக்குன்னுதான் மிஷின் கேக்கும், வயிறு யாருதுன்னு கேக்காது, நகருங்க" என்றார்கள். சாத்தூர்ச் சம்பந்தி வீட்டுக்கு ஓடிப்போன ஒரு குடும்பம் பத்தே நாளில் திரும்பி வந்தது. அங்கே போய்த் தின்றாலும் இங்கே மேல் வீட்டுக்குத்தான் வந்து சேருகிறதாம்.

அப்புறம் தீபாவளி வந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர்களின் கீழ் வீடுகள் அதிரசத்தை வெளுத்து வாங்க, மறுநாள் காலனியில் பாதிப்பேர் ஊசிக்கு வரிசையில் நின்றார்கள். அதன்பிறகுதான் எல்லாருக்கும் புத்தி வந்தது. மாடிப்படிச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்கள்: 'மேலே நாலு பேர், ஒருத்தருக்குச் சுகர்.' 'மேலே கைப்பிள்ளைக்காரி, பூண்டு சேர்க்கவும்.' கீழ் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் நகையைப் பற்றிக் கேட்குமுன் "உங்களுக்குக் கீழ்வீடு யாரு?" என்று கேட்டார்கள். கார்த்திகை பிறப்பதற்குள் அது ரொம்பச் சாதாரண விஷயமாகி, குழாயடியில் தண்ணீர் வராததைத்தான் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்களுக்கு இதெல்லாம் வயிற்றுக் கவலை. 'சி' பிளாக் இரண்டாம் மாடிப் பாண்டீஸ்வரிக்கு உயிர்க் கவலை. அவளுக்கு ஒரே மகள், சுபிக்ஷா, பதினொரு வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஒரு சின்ன ஓட்டை. லாரி ஓட்டப் போன புருஷன் நாசிக்கிலேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான், அவனை விடுங்கள், இந்தக் கதைக்கு அவன் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரியில் தை மாதம் அந்த ஓட்டையை அடைக்கிறோம் என்று தேதி கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ரத்தம் பத்துக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் தேதி போய்விடும். அடுத்த தேதி எப்போது என்று டாக்டர் சொல்லவில்லை, அதுவரைக்கும் பிள்ளை தாங்குமா என்று பாண்டீஸ்வரி கேட்டதற்கு அவர் பேனாவை மூடி வைத்தார். அந்தப் பேனா மூடிய சத்தம் அவள் காதிலேயே இருந்தது.

பாண்டீஸ்வரி பருப்பு மில்லில் சல்லடை போடுகிறவள். கூலியில் வீட்டுத் தவணையும் பஸ்ஸும் போனால் அடுப்புக்கு மிஞ்சுவது சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்தை வைத்துக்கொண்டு அவள் நடத்திய அடுப்பு இருக்கிறதே, பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் வந்து பார்க்க வேண்டும். மில்லில் மலிவாகத் தள்ளிவிடுகிற பருப்புக் குருணையில் குழம்பு, ரேஷன் கடைக்குப் பின்னால் யாருக்கும் சொந்தமில்லாத முருங்கையில் கீரை, கீரைக்கு மேலே பாதி எலுமிச்சை. சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போய்க் கூறாக வாங்குகிற காய். அரிசியைக் குறைத்துக் கம்பு, ராத்திரி ஊறிக் காலையில் முளைவிட்ட கொள்ளு, கருப்பட்டி போட்டு இடித்த எள்ளும் நிலக்கடலையும். பிராய்லர் கடையில் கோழி ஈரல் கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும். கறிக்கடைப் பாயிடம் சொல்லிவைத்தால் வாரத்துக்கு ஒருமுறை ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், கிடைக்கும், ரத்தம் ஊறுவதற்கு அதைப்போல ஒன்று இல்லை என்று ஊரே சொல்லும். இப்படிக் கஞ்சி கஞ்சியாக, கீரை கீரையாக, ஆறரையில் கிடந்த ரத்தத்தை எட்டுக்கு ஏற்றிவைத்திருந்தாள். அந்த ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை வந்தது, அவள் ஊட்டியதெல்லாம் மாடியேறிப் போக ஆரம்பித்தது.

மேலே மூன்றாம் மாடியில் தையல்காரி ஜெயக்கொடியும் புருஷனும் இரண்டு பொடியன்களும் இருந்தார்கள். பாண்டீஸ்வரி வீட்டுச் சோறு அவர்களுக்குப் போயிற்று. சுபி முழுங்கிய இரும்புச் சத்து மாத்திரைகூட அவர்களுக்குத்தான் போயிற்று. ஜெயக்கொடியின் பொடியன்கள் கன்னம் பளபளவென்று படியில் குதித்து ஓடினார்கள். இங்கே சுபிக்கு ரத்தம் ஏழரைக்கு இறங்கிவிட்டது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாண்டீஸ்வரி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றாள். அப்புறம் நேராக வந்து, தன் வீட்டுக்கு ஏறாமல், முதல் மாடிக் கதவைத் தட்டினாள்.

முதல் மாடியில் தவசிமுத்து தனியாளாக இருந்தார். குடோன் வாட்ச்மேன், அறுபதை நெருங்குகிறவர், கல்யாணம் கட்டாதவர், யாரோடும் ஒட்டாதவர்.

"சித்தப்பா, இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு பன்னு. டீ. ஏன் தாயி?"

"நேத்து?"

"நேத்தும் அதேதான். எனக்குத்தான் பசியே இல்லையே. கீழ அண்ணாச்சி வீட்டுல விடியமின்ன நெய்ப்பொங்கல வெட்டுறாக, எனக்கு மத்தியானம் வரைக்கும் வயிறு திம்முனு கெடக்கு. நாக்கு நமநமங்குதேன்னு ஒரு பன்னு."

தரைவீட்டில் மளிகைக் கடை வைத்திருந்த சவுந்தரபாண்டி அண்ணாச்சியும் அவர் சம்சாரமும் நெய்யில்லாமல் சோற்றில் கைவைக்காதவர்கள். அதெல்லாம் தவசிமுத்துவுக்கு. தவசிமுத்துவின் பன்னும் டீயும் பாண்டீஸ்வரிக்கும் சுபிக்கும், ஆளுக்குப் பாதி.

"பன்னத் தின்னு எம் பிள்ளையக் கொன்னுறாதீங்க சித்தப்பா" என்றாள் பாண்டீஸ்வரி. அழக்கூடாது என்று வந்தவள்தான், என்ன செய்ய, அழுதுவிட்டாள். சீட்டைக் காட்டினாள். ஏழரையைக் காட்டினாள், பத்தைக் காட்டினாள்.

தவசிமுத்து வாசிக்கத் தெரியாத ஆளில்லை. ஆனால் ரொம்ப நேரம் வாசித்தார். "என்ன திங்கணும்னு சொல்லு" என்றார். "ஆனா எனக்குக் கடவாய்ப் பல்லு ரெண்டு பக்கமும் இல்ல, பாத்துக்க."

மறுநாளிலிருந்து விடிகாலையில் மில்லுக்குப் போகிறபோது அவர் கதவில் தூக்குச்சட்டியை மாட்டிவிட்டுப் போவாள், சாயங்காலம் இன்னொன்று. கம்பங்கூழ், மசித்த கீரை, வேகவைத்து அரைத்த கொள்ளு, பல்லில்லாத வாய்க்காகப் பொடிசாக வெட்டிய சுவரொட்டி. சுபியின் மாத்திரையையும் அவர்தான் முழுங்க வேண்டும். இரண்டு உயிருக்கு அவர் ஒருவர் சாப்பிட வேண்டும், அதுவும் அண்ணாச்சியின் நெய்யில் ஏற்கெனவே நிறைந்த வயிற்றோடு. பசியில்லாதவன் சாப்பிடுவது மூட்டை தூக்குகிற மாதிரி ஒரு வேலை. தவசிமுத்து உருண்டை உருண்டையாக, வியர்வையைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை டீக்காக நடந்தது.

"சாப்பாட்டோட டீ குடிச்சா கீரையில உள்ள சத்த அது பிடிச்சு வச்சுக்கிருமாம், நர்சம்மா சொல்லியிருக்காக. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க."

"நாப்பது வருசப் பழக்கம் தாயி. டீ இல்லாம மனுசன் எப்படி முழுங்குறது?"

"தாத்தா, எனக்காக" என்று சுபி வாசலில் நின்றுகொண்டு சொன்னாள். அவர் டீயை விட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுபி அவர் வீட்டுக்குப் போய், அவர் சாப்பிடுகிறாரா என்று எதிரே உட்கார்ந்து பார்ப்பாள். "தாத்தா, இன்னும் ரெண்டு வாய்." "போதும் பாப்பா." "எனக்கு இன்னும் நெறையல." அப்படிச் சொன்னால் அவர் மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்துக்கொள்வார். பிள்ளைகுட்டி இல்லாத மனுஷன். தன் கையில் எடுத்து வாயில் வைக்கிற ஒவ்வொரு கவளமும் எதிரே இருக்கிற பிள்ளையின் முகத்தில் போய் நிறமாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஐப்பசிக் கடைசியில் ரத்தம் எட்டரை. தவசிமுத்து அந்தச் சீட்டை வாங்கிக் குடோனில் எல்லாரிடமும் காட்டினார்.

இப்போது பாண்டீஸ்வரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. கையில் இருந்த காசு ஒரு அடுப்புக்குத்தான். நல்லதையெல்லாம் தூக்குச்சட்டியில் போட்டுக் கீழே அனுப்பினாளா, மிச்சம் தனக்கும் சுபிக்கும் ரேஷன் அரிசிக் கஞ்சியும் உப்பும்தான். நமக்கென்ன, நாம் தின்பது நமக்கா ஒட்டுகிறது என்று நினைத்தாள். மேல் வீட்டுப் பொடியன்களின் கன்னம் வற்றியது அவள் கண்ணில் பட்டது. பட்டும் படாத மாதிரி படியேறிப் போனாள்.

கார்த்திகை முதல் தேதி. தவசிமுத்து குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, கழுத்தில் துளசி மாலையோடு வந்து நின்றார். கன்னிச்சாமி. அதுவரைக்கும் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருந்ததோடு சரி, உள்ளே போகாதவர்.

"பிள்ளைக்காக ஒரு வேண்டுதல்" என்று மட்டும் சொன்னார். வேண்டுதலை வெளியே விரித்துச் சொன்னால் பலிக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதனால் பாண்டீஸ்வரியும் கேட்கவில்லை. அவர் காலில் விழுந்து எழுந்தாள். சுவரொட்டி போயிற்று, ஈரல் போயிற்று, முட்டை போயிற்று. போனால் போகிறது, சாமி பார்த்துக்கொள்ளும் என்று கொள்ளையும் எள்ளையும் கூட்டிப் போட்டாள். இனி அவரைச் சித்தப்பா என்று கூப்பிடக் கூடாது, சாமி என்று கூப்பிட வேண்டும். தூக்குச்சட்டி தினமும் காலியாகக் கழுவித் திரும்பி வந்தது. சுபி எதிரே உட்கார்ந்து பார்ப்பதும் நின்றுவிட்டது, சாமி வீட்டில் பூஜை நடக்கும், பிள்ளை குறுக்கே போகக் கூடாது என்று பாண்டீஸ்வரியே நிறுத்திவிட்டாள்.

அந்த நாட்களில் அவள் வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. சல்லடை ஆட்டும்போது கண் இருட்டும். தேதி நெருங்குகிறதே, பயம் என்று நினைத்தாள். சின்ன வயதிலிருந்தே பயமும் பசியும் அவள் வயிற்றில் ஒரே இடத்தில்தான் குடியிருந்தன, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுபி இன்னும் மோசம். அம்மா பயப்படும் என்று அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

கார்த்திகை இருபதாம் தேதி பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த பிள்ளை அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் பார்த்தார்கள். ஏழே முக்கால். "தை மாசம் கஷ்டம்மா" என்றார் டாக்டர், பேனாவை எடுக்கவே இல்லை.

பாண்டீஸ்வரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது காலனி வாசலில் சாமிமார்கள் சாயங்காலப் பஜனைக்குப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தவசிமுத்து, திருநீறு துலங்க, ஒரு களைப்பும் இல்லாமல்.

"சாமி, நான் குடுத்த சாப்பாடு என்னாச்சு?"

தவசிமுத்து எழுந்தார். முகம் மலர்ந்திருந்தது பாவிமனுஷனுக்கு. "இனி மறைக்க வேணாம் தாயி. இருபது நாளா ஒருவேளைச் சாப்பாடுதான். காலையும் ராத்திரியும் பச்சத் தண்ணியோட சரி. அந்தச் சட்டிய அன்னதானத்துக்குக் குடுத்துர்றேன். பிள்ளைக்காகத்தான். ஐயப்பன் ஏத்துக்கிட்டான், அதான் அதிசயம்: இருபது நாள்ல ஒருநாகூட எனக்குப் பசியே எடுக்கல!"

பந்தலில் சரணம் நின்றுபோயிற்று. அத்தனை பேருக்கும் அந்த நிமிஷம் புரிந்துவிட்டது, அவர் ஒருவரைத் தவிர.

"ஐயோ, உங்களுக்கு எப்படிப் பசிக்கும்?" என்று பாண்டீஸ்வரி கத்தினாள். "நீங்க பசிக்காம இருக்கறது அண்ணாச்சி வீட்டு நெய்யி! உங்க பட்டினியெல்லாம் இங்க கெடக்கு பாருங்க, எம் பிள்ள வயித்துல! அது பசின்னுகூடச் சொல்லாமத் தாங்கிக்கிட்டுக் கெடந்திருக்கு!"

தவசிமுத்து தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்.  மேலேயிருந்து இறங்கி வந்த ஜெயக்கொடி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள்; இளையவனை இடுப்பில் வைத்திருந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அவரத் திட்டுங்கக்கா, தப்பில்ல. ஆனா நேத்து நீங்க என்ன சாப்பிட்டீங்க? கஞ்சியும் உப்பும்தான? எம் பிள்ளைக மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிட்டேன். சுபிக்கு நோவு, நாம பொறுத்துக்குவோம்னுதான் வாயத் தொறக்கல."

பாண்டீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கமும் பயமும் சேர்ந்து அவளை உட்கார வைத்துவிட்டன.

அப்புறம் பிறந்தது பெரிய சிக்கல். சாப்பிட வேண்டும், அதுவும் சுவரொட்டியும் ஈரலும் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் தைக்குள் ரத்தம் ஏறாது. ஆனால் மாலையைக் கழற்றாமல் சாப்பிட முடியாது. குருசாமி பதினெட்டு வருஷம் மலைக்குப் போனவர், அவரே கையைப் பிசைந்தார். "பாதியில மாலையக் கழட்டுறது ஆகாது. யாருக்காகப் போட்டோமோ அவுகளுக்கே ஏதும் வந்துரக் கூடாது, அதான் பயமா இருக்கு" என்றார். கழற்றினால் சாமி குற்றம், அது பிள்ளை மேல் விழும். கழற்றாவிட்டால் பட்டினி, அதுவும் பிள்ளை மேல்தான் விழும். பாண்டீஸ்வரி எதைக் கேட்பது, எதை விடுவது? 

தவசிமுத்துதான் பக்கத்தில் வந்து, தோளில் கிடந்தவளின் முகத்தை நிமிர்த்தினார்.

"பாப்பா, ஒனக்குப் பசிக்குதா?"

சுபி அம்மாவைப் பார்த்தாள். அப்புறம், "ஆமா தாத்தா, ரொம்ப" என்றாள்.

அவ்வளவுதான். அவர் விறுவிறுவென்று பந்தலில் இருந்த படத்துக்கு முன்னால் போய் நின்று, மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஐயப்பா, கோவம் வந்தா எம்மேல மட்டும் வையி. எம்மேல வைக்கிறதெல்லாம் மேல போயிரும்னு ஒனக்குத் தெரியும். அதனால பாத்து வையி" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். மாலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போய், கூழும் கொள்ளும் தின்றார். மறுநாள் பாய் கடையிலிருந்து வந்த சுவரொட்டியை அழுதுகொண்டே தின்றார், மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பவும் தின்றார். சுபி பழையபடி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப்பிறகு காலனியின் அடுப்புகள் கொஞ்சம் மாறின. தரைவீட்டு அண்ணாச்சிக்கு வயிறு நிறைவது மூன்றாம் மாடி ஜெயக்கொடி சாப்பிடுவதைக் கொண்டுதான் என்பதால், அவர் முதல் வாரத்திலிருந்தே அவளுக்கு அரிசியும் பருப்பும் நெய்யும் சும்மா ஏற்றிக்கொண்டிருந்தார். தர்மம் என்று சொல்லிக்கொண்டார், பசி என்று சொல்லவில்லை. ஜெயக்கொடி அதில் பாதியைப் பிரித்துப் பாண்டீஸ்வரிக்குக் கொண்டுவந்தாள். "நீங்க நல்லாச் சாப்பிட்டாத்தானக்கா எம் பிள்ளைக நிமிரும்" என்றாள். பாண்டீஸ்வரி இப்போது தன் தட்டில் கீரையும் குருணைப் பருப்பும் நிறையப் போட்டுக்கொண்டு, தனக்கு ஒட்டாத சோற்றை நிதானமாக மென்று தின்றாள். பொடியன்கள் மறுபடியும் படியில் குதிக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் பயம் போகவில்லை. மார்கழியில் சுபிக்கு ஒருநாள் தும்மல் வந்தால்கூட, அது மாலையைக் கழற்றினதாலோ என்று பாண்டீஸ்வரி நடுங்கினாள். பல்லி கத்தினாலும் நடுங்கினாள். மார்கழி பாதியில் ஒன்பது. கடைசியில் ஒன்பதே முக்கால். ஒவ்வொரு ஊசிக்கும் கண்ணை மூடிக்கொள்வது சுபி இல்லை, அவள் அம்மாதான். தை நாலாம் தேதி பத்து புள்ளி ஒன்று. டாக்டர் பேனாவைத் திறந்து தேதி எழுதினார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மூவருமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வார்டு நர்ஸ் பேப்பரில் எழுதிக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பாப்பா வயித்துல எதுவும் இருக்கக் கூடாது. தண்ணிகூட. மயக்க மருந்து குடுக்கறோம், வயித்துல ஏதாவது இருந்தா ஆபத்து. எந்த ஊரு நீங்க?"

"அறுபது வீட்டுக் காலனி."

நர்ஸ் நிமிர்ந்தாள். "அடக் கடவுளே, அப்ப கீழ் வீட்டுக்காரர மொதல்ல கூப்பிடுங்க."

தவசிமுத்து வராண்டாவில் இடித்த கடலை உருண்டை தின்றுகொண்டிருந்தார், கடமை தவறாமல். விஷயத்தைச் சொன்னதும் வாயில் இருந்ததை முழுங்கினார். 

"அப்ப இன்னிக்கு நான் பட்டினி கெடந்தா, அது பிள்ளைக்கு நல்லதா தாயி?"

"நீங்க கெடந்தாத்தான் பிள்ளைக்கு உயிரு" என்றாள் பாண்டீஸ்வரி.

சட்டைப் பையிலிருந்து துளசி மாலையை எடுத்தார். இரண்டு மாதமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. குழாயடியில் தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் தன் கையாலேயே போட்டுக்கொண்டார். அப்புறம் போனை எடுத்துத் தரைவீட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, தவசி பேசுறேன். ஒரு உபகாரம். இன்னிக்கு ராத்திரியும் நாளைக்கும் நீங்களும் அக்காவும் அடுப்பு மூட்டாதீங்க. எனக்குப் பசிக்கணும்."

"என்னது?"

"பிள்ளைக்காக விரதம் இருக்கேன். வயித்துல உங்க நெய்ய வச்சுக்கிட்டு இருந்தா அது விரதமா? இந்தத் தடவையாச்சும் எனக்குப் பசிக்கணும் அண்ணாச்சி."

 பிறந்ததிலிருந்து ஒருவேளை ருசியைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன் அண்ணாச்சி. "இன்னிக்குப் பாத்து அவ அவியல் வச்சிருக்கா" என்று முனகினார். அப்புறம், "சரி, ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு போன் போடு" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் சுபி வாசல் கடையில் பரோட்டாவும் சால்னாவும் கேட்டாள். தாராளமாக வாங்கிக் கொடுத்தார்கள், அது ஜெயக்கொடி பிள்ளைகளுக்குத்தானே போகப்போகிறது. மறுநாள் காலையில் அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தபோது அவள் கண் உள்ளே போயிருந்தது. பாண்டீஸ்வரிக்கும் வயிறு எரிந்தது. இன்றைக்கு அதைப் பசி என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, பயம் தனியாக வேறொரு இடத்தில் இருந்தது. நர்ஸ் வந்து பாப்பாவைக் கேட்கவில்லை, தவசிமுத்துவைக் கேட்டாள்: "எதுவும் சாப்பிடலையே? தண்ணி? எச்சில் முழுங்குறது பரவாயில்ல."

"ஒண்ணும் இல்ல தாயி" என்றார் அவர். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"பசிக்குது தாத்தா" என்றாள் சுபி.

"எனக்கும் பாப்பா" என்றார் தவசிமுத்து. அவர் வயிறு வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி கடமுடவென்று உறுமியது. அதைக் கேட்டுப் பிள்ளை சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது.

பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. தவசிமுத்து தரையில் சப்பணமிட்டு, மாலையைப் பிடித்துக்கொண்டு, தலை சுற்றினாலும் சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். பாண்டீஸ்வரி மடியில் தூக்குச்சட்டி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சத்திரத்து அடுப்பில் காலையில் அவள் காய்ச்சிய கம்பங்கஞ்சி, கட்டியில்லாமல், இளசாக. அது ஆறிப்போனது. அவள் மூடியைத் திறக்கவில்லை, அவரைப் பார்க்கவுமில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனவர் வந்தவர் ஒவ்வொருவர் முகத்தையும் படித்தாள். தன் பசி இன்னும் குறையவில்லை, பசி இருக்கிற வரைக்கும் பிள்ளையும் இருக்கிறாள்தானே, என்று அவளுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி ஆயிற்று. மூன்று ஆயிற்று.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. முகக் கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நேற்றைய நர்ஸ் இல்லை, புதிதாக வந்தவள். கையில் இருந்த பேப்பரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சுபிக்ஷாவுக்குக் கீழ் வீடு யாரு?"

தவசிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நீங்க சாப்பிடலாம்" என்றாள் நர்ஸ். "கொஞ்சங் கொஞ்சமா, கஞ்சியா குடிங்க. பிள்ள பசிக்குதுன்னு கேக்குது."